திருப்புதல்: பக்கத்தையா, பாடத்தையா?

உயிரியல் தேர்வுக் கையேடுகள் பற்றி ஒரு மதிப்பீடு

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்ததும் காரைக்குடிப் புத்தகக் கடைகளின் முகப்பு மாறிவிடுகிறது. அதுவரை நோட்டுகளும் வரைபடத் தாள்களும் இருந்த இடத்தைப் பத்தாம் வகுப்புக் கையேடுகள் பிடித்துக்கொள்கின்றன. ஒரே பாடத்துக்கு நான்கைந்து வகை இருக்கும். தந்தையோ தாயோ கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இதிலே எதுங்க நல்லது?" கடைக்காரர் எது கனமாக இருக்கிறதோ அதை எடுத்துக் கொடுக்கிறார்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் கடைக்காரர் அல்லர். பாடநூலைப் பற்றிப் பேச அறிஞர் குழுக்கள் இருக்கின்றன. நாவலுக்கும் கவிதைத் தொகுதிக்கும் மதிப்புரை வருகிறது. கையேட்டுக்கு மட்டும் யாரும் மதிப்புரை எழுதுவதில்லை. ஆனால் தேர்வுக்கு முந்திய இரண்டு மாதங்களில் மாணவர் கையில் அதிக நேரம் இருக்கும் புத்தகம் அதுதான். ஆகவே அதைப் பற்றி நாலு பக்கம் எழுதுவது வீண் வேலை ஆகாது என்று எண்ணுகிறேன். இங்கே எடுத்துக்கொள்வது உயிரியல் பகுதியை மட்டும்.

முதலில் நம் மாவட்டத்தின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் சிவகங்கை மாவட்டம் 2023-இல் 97.53 விழுக்காடு தேர்ச்சி பெற்று மாநிலத்தில் இரண்டாம் இடம் அடைந்தது. 2024-இல் 97.02, மீண்டும் இரண்டாம் இடம். 2025-இல் 98.31, முதலிடம். அவ்வாண்டு மாநிலம் முழுவதற்குமான தேர்ச்சி 93.80 விழுக்காடு. வானம் பார்த்த பூமி, தொழிற்சாலைகள் குறைவு என்று சொல்லப்படும் ஒரு மாவட்டம் இதைச் செய்திருக்கிறது. இதற்குப் பின்னால் மாலை நேர வகுப்புகளும், ஆசிரியர்களின் உழைப்பும், சந்தேகமில்லாமல் இந்தக் கையேடுகளும் இருக்கின்றன. நூற்றுக்கு இருவருக்கும் குறைவாகவே தவறிய மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கையேடுகளைக் குறை சொல்வானேன் என்று வாசகர் கேட்கலாம்.

தேர்ச்சி என்பது நூற்றுக்கு முப்பத்தைந்து. கோட்டைத் தாண்டியவர் எத்தனை பேர் என்பதை விழுக்காடு சொல்லும். தாண்டியபோது கையில் என்ன எடுத்துச் சென்றார்கள் என்பதைச் சொல்லாது. ஏப்ரலில் தேர்வு எழுதிய மாணவி ஜூனில் பதினோராம் வகுப்பில் உயிரியல் பிரிவில் உட்காருகிறாள். செல், திசு, சுற்றோட்டம், மரபியல் ஆகியவை அவளுக்கு முன்பே தெரியும் என்ற நம்பிக்கையில்தான் அங்கே பாடம் தொடங்குகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவக் கல்லூரி இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் கிடைத்து வருகிறது. சிவகங்கையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஒன்று 2012-இல் தொடங்கப்பட்டது. கதவு திறந்திருக்கிறது. அதற்குள் போகக்கூடிய ஒரு பிள்ளை, மார்ச்சில் படித்தது ஜூனில் நினைவில் இல்லாத காரணத்தால் வெளியே நின்றுவிடக் கூடாது அல்லவா? இந்தக் கவலைதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

கையேட்டைத் திறந்தால்

மூன்று கையேடுகளை வாங்கி வந்து ஒரே அலகை மூன்றிலும் வைத்துப் பார்த்தேன். 2019-இல் வெளிவந்த பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் 12 முதல் 22 வரை உள்ள பதினோர் அலகுகள் உயிரியல். அவற்றில் 14-ஆம் அலகு, தாவரங்களின் கடத்துதலும் விலங்குகளின் சுற்றோட்டமும் பற்றியது. கையேடுகளின் பெயர்களை இங்கே சொல்லவில்லை. மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருக்கின்றன. ஒன்றைச் சொன்னால் மற்ற இரண்டுக்கும் அநீதி.

செய்திப் பிழைகள் நான் அஞ்சிய அளவுக்கு இல்லை. தாள் பரவாயில்லை. விடைகள் பாடநூலின் சொற்களிலேயே, எண்ணிட்டு, சுருக்கமாக இருக்கின்றன. இவற்றைத் தொகுத்தவர்கள் வகுப்பறையில் நின்றவர்கள் என்பது தெரிகிறது. எந்த வினாவில் மாணவர் திணறுவார் என்பதை அறிந்திருக்கிறார்கள். பாடநூலில் மூன்று பக்கங்களில் சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் திரட்டித் தந்திருப்பதும் பயனுள்ள பணியே.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வினாவுக்கு அடுத்த வரியிலேயே விடை அச்சிடப்பட்டிருக்கிறது. அதுவும் தடித்த எழுத்தில். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பகுதியில் நான்கு விடைகளில் சரியானது கறுப்பாக மின்னுகிறது. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் பகுதியில் கோடே இல்லை. முன்பே நிரப்பித் தந்துவிட்டார்கள். பொருத்துக என்ற பகுதி பொருத்தப்பட்டே வருகிறது. கண் வினாவைத் தொடுவதற்கு முன்னால் விடையைத் தொட்டுவிடுகிறது. வினா என்பது இங்கே விடைக்கு மேல் எழுதிய தலைப்பு மட்டுமே.

பாடநூலைப் பாருங்கள். ஒவ்வோர் அலகின் முடிவிலும் மதிப்பீடு என்ற பகுதி இருக்கிறது. வினாக்கள் மட்டும், விடை இல்லை. கடைசியில் உயர் சிந்தனை வினாக்கள் சில உண்டு. இந்த வெற்றிடம் வேண்டுமென்றே விடப்பட்டது. மாணவர் தம் தலைக்குள் தேடிப் பார்க்க வேண்டும் என்பதற்காக விடப்பட்ட இடம். கையேடு அந்த இடத்தை அடைத்துவிடுகிறது. அடைத்துத் தருவதற்குத்தான் விலையும் வாங்குகிறது.

இதில் என்ன கெட்டுவிட்டது, நான்கு முறை படித்தால் மனத்தில் பதியாதா என்று கேட்கலாம். பெரும்பாலான மாணவர்கள் அப்படித்தான் நம்புகிறார்கள். நம் மொழியிலும் ஒரு வசதி இருக்கிறது. திருப்புதல் என்றால் பாடத்தைத் திருப்புவதும் ஆகும், பக்கத்தைத் திருப்புவதும் ஆகும். இரண்டும் ஒன்றே என்று நினைத்துக்கொள்வது எளிது.

நான்கு முறை படித்தவர்

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலார் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இது. மாணவர்களுக்குச் சிறிய அறிவியல் பகுதிகளைக் கொடுத்தனர். ஒன்று சூரியனைப் பற்றியது. மற்றொன்று கடல் நீர்நாயைப் பற்றியது. ஒரு குழுவினர் நான்கு முறை படித்தனர். இன்னொரு குழுவினர் ஒரு முறை படித்துவிட்டு, பிறகு மூன்று முறை தாளை மூடி, நினைவுக்கு வந்ததை எழுதினர். எழுதியது சரியா என்று அவர்களுக்கு யாரும் திருத்திக் காட்டவும் இல்லை.

ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது நான்கு முறை படித்தவர்களே வென்றனர்: அவர்கள் நினைவில் 83 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்கள் நினைவில் 71. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது நிலைமை தலைகீழாகிவிட்டது. நான்கு முறை படித்தவர்களிடம் எஞ்சியது 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களிடம் 61.

இந்த எண்களை மாணவர்கள் ஒரு முறை நிதானமாகப் பார்க்க வேண்டும். தேர்வு மண்டபத்துக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்று கடைசி நிமிடம் வரை கையேட்டைப் புரட்டுகிறவருக்கும் சிறிது பயன் உண்டு. அந்த ஐந்து நிமிடத்துக்கு அது உதவும். அதனால்தான் அந்தப் பழக்கம் சாகவில்லை. ஆனால் அடுத்த வாரத்துக்கு அது உதவாது. ஜூன் மாதத்துக்கு நிச்சயமாக உதவாது. இன்னொன்றும் அந்த ஆய்வில் தெரிந்தது. பிறகு எவ்வளவு நினைவிருக்கும் என்று கேட்டபோது மிகுந்த நம்பிக்கையோடு பேசியவர்கள் நான்கு முறை படித்த குழுவினர்தாம். படிக்கப் படிக்க வரிகள் பழகிப்போகின்றன. பழகியதைத் தெரிந்ததாக மனம் கணக்கெழுதிக்கொள்கிறது. எதிர்வீட்டுக்காரர் முகத்தை நாள்தோறும் பார்க்கிறோம். அதை வரைந்து காட்டச் சொன்னால் விழிக்கிறோம் அல்லவா?

கல்லூரி மாணவர்களுக்குப் பொருந்துவது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்ற ஐயமும் நியாயமானதே. அதற்கு இன்னும் பழைய சான்று இருக்கிறது. 1939-இல் ஸ்பிட்சர் என்பவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 3,605 பேரைக் கொண்டு இதைச் சோதித்தார். பாடம், மூங்கிலும் வேர்க்கடலையும்! படித்த உடனே ஒரு தேர்வு எழுதிய பிள்ளைகள், எழுதாதவர்களைவிடப் பல வாரங்கள் கழித்தும் கூடுதலாக நினைவு வைத்திருந்தனர். தேர்வு என்பது அளக்கும் கோல் மட்டும் அன்று. அளக்கும்போதே அது நினைவை உறுதிப்படுத்துகிறது.

திண்ணையில் விட்டது

இதைப் படிக்கும் செட்டிநாட்டு முதியவர் ஒருவர் சிரித்துக்கொள்வார். இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டுமா என்பார். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி படித்த தலைமுறைகளின் வழி வந்தவர்கள் நாம். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. அரைக்காணி நூற்றறுபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. இவற்றையெல்லாம் எழுதிப் பார்க்காமல் வாயால் கணக்கிட்டவர்கள், பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக் கடைகளில் பெட்டியடிப் பையனாகத் தொடங்கி அடுத்தாளாக உயர்ந்தார்கள். கடன் கேட்டு வந்து நிற்பவர் முன்னால் சுவடியைப் புரட்ட முடியாது.

திண்ணைப் பள்ளியில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, சட்டாம்பிள்ளை சொல்ல மற்றவர்கள் கூட்டமாகச் சொல்வது. தெருவில் போகிறவர் காதில் விழுந்த ஓசை அது. மற்றொன்று, ஒவ்வொருவராக எழுந்து சுவடியைப் பாராமல் ஒப்பிப்பது. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் இந்த ஏற்பாட்டைப் பற்றி 1797-இல் இங்கிலாந்தில் நூல் எழுதினார். அது மதராஸ் முறை என்ற பெயரில் அங்கே பரவியது. நம்மிடமிருந்து போனது என்பதை நாமே மறந்துவிட்டோம்.

பிறகு வந்த கல்விச் சீர்திருத்தக்காரர்கள் ஒப்பித்தலைக் கண்டித்தார்கள். கண்டித்தது சரிதான். பொருள் தெரியாமல் ஒப்பித்த பிள்ளைகளையும், அவர்கள் முதுகில் விழுந்த பிரம்பையும் நினைத்தால் அந்தப் பள்ளிக்காக ஏங்க எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒப்பித்தலில் தீயது பொருளறியாமை. நல்லது, நூலை மூடிவிட்டுத் தலைக்குள் தேடுவது. கையேடுகளின் காலத்தில் நாம் பொருளறியாமையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, நூலை மூடுவதைக் கைவிட்டுவிட்டோம். பழைய முறையில் கழிக்க வேண்டியதைக் கூட்டி, கூட்ட வேண்டியதைக் கழித்த கணக்கு இது.

இதயத்தை வரைந்து பாருங்கள்

உயிரியலில் இந்தத் தவறு மற்றப் பாடங்களைவிட அதிகம் தண்டிக்கிறது. கணக்கில் ஒரு மாணவர் விடையைப் பார்த்துப் பழகினாலும் தேர்வில் எண்கள் மாறும்போது விழித்துக்கொள்கிறார். உயிரியலில் எண்கள் மாறுவதில்லை. ஆகவே விழிப்பே வருவதில்லை.

ஒரு சிறிய சோதனை. 14-ஆம் அலகில் மனித இதயத்தின் நீள்வெட்டுத் தோற்றம் இருக்கிறது. அதை நன்றாக ஐந்து நிமிடம் பாருங்கள். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெற்றுத் தாளில் வரைந்து பாகங்களைக் குறியுங்கள். முதல் தடுமாற்றம் எங்கே வருகிறது என்பதை என்னால் ஓரளவு ஊகிக்க முடியும். இடது, வலது. படத்திலுள்ள இதயம் நம்மை நோக்கி நிற்பவருடையது. ஆகவே அதன் இடப்பக்கம் நம் வலக்கைப் பக்கம் வரும். பத்து முறை பார்த்தவருக்கும் வரையும்போதுதான் இது உறைக்கும். இரண்டாம் தடுமாற்றம் நுரையீரல் தமனி. தமனி என்றால் ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் என்று மனப்பாடம் செய்தவர், வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாய்க்குச் சிவப்பு வண்ணம் தீட்டிவிடுவார். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை என்று பொருள் கொண்டவர் தவறமாட்டார். மூன்றாவது, சுவரின் தடிப்பு. இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடித்திருக்கிறது? வலது வெண்ட்ரிக்கிள் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு இரத்தத்தை அனுப்புகிறது. இடது வெண்ட்ரிக்கிள் உச்சி முதல் உள்ளங்கால் வரை அனுப்ப வேண்டும். காரணம் தெரிந்தவர் கை தானாகவே அந்தச் சுவரைத் தடிப்பாக வரையும்.

மூடி வரைந்த பின் புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டுச் சிவப்பு மையால் திருத்த வேண்டும். திருத்தாத வரைவு பிழையையும் சேர்த்துப் பழக்கிவிடும். இந்த மூன்று தவறுகளில் எதையும் கையேட்டைப் படிக்கும் மாணவர் செய்வதில்லை என்பதுதான் வேடிக்கை. படிக்கும்போது தவறு செய்ய இடமே இல்லை. முதல் தவறு தேர்வுத் தாளில்தான் நிகழ்கிறது. அங்கே திருத்துபவர் மதிப்பெண்ணைக் கழிப்பாரே தவிர, காரணம் சொல்லமாட்டார்.

மரபியலிலும் இதே கதைதான். மெண்டலின் 3:1, 9:3:3:1 ஆகிய விகிதங்களைக் கையேடு கட்டம் போட்டுத் தந்திருக்கிறது. 1866-இல் அச்சேறி 1900 வரை உலகம் கண்டுகொள்ளாத பட்டாணிக் கணக்கு அது. கலப்பின நெட்டைச் செடியைக் குட்டைச் செடியோடு கலந்தால் என்ன விகிதம் என்று வினாவைச் சற்றே திருப்பிக் கேட்டால் மனப்பாடம் நின்றுவிடுகிறது. கட்டத்தைத் தாமே போட்டுப் பழகியவருக்கு அரை நிமிட வேலை: பாதி நெட்டை, பாதி குட்டை.

தூணும் பனங்கையும்

12-ஆம் அலகில் ஒருவித்திலைத் தாவரத் தண்டுக்கும் இருவித்திலைத் தாவரத் தண்டுக்கும் உள்ள வேறுபாடு வருகிறது. கையேடுகள் இதைத் தவறாமல் அட்டவணையாக்கித் தருகின்றன. ஒருவித்திலையில் வாஸ்குலார் கற்றைகள் சிதறியிருக்கும். இருவித்திலையில் வளையமாக இருக்கும். ஒன்றில் கேம்பியம் இல்லை, மற்றொன்றில் உண்டு. இரண்டு பத்திகளில் எதிரெதிராக எழுதிய செய்திகளை மாணவர் படிக்கிறார். பத்து நாளில் எது எந்தப் பக்கம் என்பது இடம் மாறிவிடுகிறது.

செட்டிநாட்டுப் பிள்ளைக்கு இந்த மயக்கம் வரவே கூடாது. இங்குள்ள பழைய வீடுகளின் வளவில் நிற்கும் தூண்கள் பர்மாத் தேக்கு. கொஞ்சம் தள்ளி, சாதாரண ஓட்டு வீடுகளின் கூரையைத் தாங்குவது பனங்கை. தேக்கு இருவித்திலைத் தாவரம். அதன் கேம்பியம் ஆண்டுதோறும் புதிய கட்டையை உண்டாக்கிக்கொண்டே போகிறது. ஆகவே மரம் பருத்துக்கொண்டே இருக்கும், குறுக்கே அறுத்த முகத்தில் வளையம் வளையமாகத் தெரியும். பனை ஒருவித்திலைத் தாவரம். அறுத்த முகத்தில் வளையமே இராது. கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் அருகியும் இருக்கும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் நாரும் குழாயும் சேர்ந்த ஒரு கற்றை. ஓரம் வைரமாகவும் நடு சோறாகவும் இருப்பதற்கு அதுதான் காரணம். பனங்கைக்கு ஓரத்தை எடுத்துக்கொண்டு நடுவைக் கழிப்பதற்கும் அதுதான் காரணம். கேம்பியம் இல்லாததால் பனை தேக்கைப் போல ஆண்டுக்கு ஆண்டு பருத்துக்கொண்டே போவதில்லை.

தூணில் சாய்ந்துகொண்டு, பனங்கையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, அட்டவணையை உருப்போடும் மாணவரை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. கையேடு சென்னையில் அச்சாகிறது. அதற்குக் காரைக்குடியின் தூண் தெரியாது, சரி. பாடநூலும் சூரியகாந்தியையும் மக்காச்சோளத்தையும் காட்டி நிறுத்திக்கொள்கிறது. ஊர்ப் பொருளைப் பாடத்தோடு கட்டுவது ஆசிரியரும் மாணவருமே செய்ய வேண்டிய வேலை. 17-ஆம் அலகில் இனப்பெருக்கத்தைத் திருப்பும்போது ஆண்பனை, பெண்பனை இரண்டில் எதில் நுங்கு வரும் என்று கேட்டுப் பார்க்கலாம். 13-ஆம் அலகில் அட்டை வருகிறது. முப்பத்து மூன்று கண்டங்கள். அந்த எண்ணை உருப்போடத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் முயலுக்குக் கோரைப்பல் இல்லாததை உருப்போட வேண்டியதில்லை; புல் தின்னும் பிராணிக்கு அது எதற்கு என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் போதும். எதை உருப்போடுவது, எதைக் காரணத்தால் பிடிப்பது என்று பிரித்துக் காட்டும் கையேடு ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

குறைந்தபட்சக் கையேடு

ஒன்றைச் சொல்லாமல் போனால் நேர்மை ஆகாது. மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று பள்ளிகளில் மெல்லிய கையேடுகள் தயாரித்துக் கொடுப்பது உண்டு. எளிய வினாக்கள் சில, படங்கள் சில. இவற்றை மட்டும் படித்தால் தேர்ச்சி உறுதி என்ற கணக்கு. இவற்றை ஏளனம் செய்கிறவர்கள், பொதுத் தேர்வில் தவறினால் படிப்பையே நிறுத்திவிடும் ஒரு பிள்ளையோடு ஒரு மாலையாவது உட்கார்ந்து பார்த்திருக்கமாட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு முப்பத்தைந்து மதிப்பெண் என்பது சிறிய எண் அன்று.

ஆனால் அந்த மெல்லிய கையேடும் விடையை வினாவுக்கு அடியிலேயே அச்சிடுகிறது என்பதுதான் என் வழக்கு. குறைவாகப் படிக்க வேண்டியவருக்குத்தான் படித்தது நிலைப்பது அதிகம் தேவை. நாற்பது வினாக்கள் போதும் என்று முடிவு செய்தால் அந்த நாற்பதையும் மூடிக் கேட்க வேண்டும். கூட்டமாகப் பத்து முறை சொல்லவைப்பது திண்ணையின் முதல் பாதி மட்டுமே.

கால இடைவெளியைப் பற்றியும் கையேடுகள் வாய் திறப்பதில்லை. ஜனவரியில் முதல் அலகு, பிப்ரவரியில் கடைசி அலகு என்று வரிசையாகச் செல்லும் மாணவர், மார்ச்சில் முதல் அலகுக்குத் திரும்பும்போது அது புதிய பாடமாகிவிடுகிறது. 1,354 பேரைக் கொண்டு 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் செப்பேடா முதலியோர் இதை அளந்தார்கள். ஒரு வாரம் கழித்து வரும் தேர்வுக்கு ஒரு நாள் விட்டு மறுமுறை படிப்பது சிறந்த பலன் தந்தது. முப்பத்தைந்து நாள் கழித்து வரும் தேர்வுக்குப் பதினொரு நாள். தேர்வு தொலைவில் இருந்தால் இடைவெளியும் நீள வேண்டும். ஒரே இரவில் ஐந்து முறை படிப்பதைவிட, நாள் விட்டு ஐந்து முறை மூடிப் பார்ப்பது மேல்.

இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது? ஒரு தாளில் ஒரு வினா; விடை வேறு நோட்டில். சரியாகச் சொன்ன வினாவை ஐந்து நாள் தள்ளி வைக்கலாம். தவறியதை நாளைக்கே மறுபடி எடுக்க வேண்டும். ஜெர்மன் மொழியில் எழுதிய லைட்னர் என்பவர் 1972-இல் இதை அட்டைப் பெட்டி முறையாக விளக்கினார். நம் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்த உறைகளே போதும். தவறிய வினாக்களுக்கு ஓர் உறை, தேறியவற்றுக்கு ஓர் உறை. பெற்றோருக்கு உயிரியல் தெரிய வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பாட்டி கூட வினாவைப் படித்து, நோட்டைப் பார்த்துச் சரியா என்று சொல்லலாம். "ஏன்டா அப்பச்சி, சைலம் எதைக் கடத்துது?" என்று ஓர் ஆச்சி கேட்டால் பேரன் சொல்லித்தானே தீர வேண்டும்!

பதிப்பகத்தாரிடம்

கையேடு வெளியிடுகிறவர்களிடம் சில வேண்டுகோள்கள். வினாக்களை வலப்பக்கத்திலும் விடைகளைப் பக்கத்தைத் திருப்பினால் தெரியுமாறு அதன் பின்னாலும் அச்சிடுங்கள். தாள் ஒன்றும் கூடிவிடாது. படங்களை இரண்டு முறை தாருங்கள். ஒரு முறை பாகங்களோடு, மறுமுறை பெயரில்லாமல் கோடுகள் மட்டும். 14-ஆம் அலகின் முடிவில் 12-ஆம் அலகிலிருந்தும் 13-ஆம் அலகிலிருந்தும் நான்கு வினாக்களைக் கலந்து வையுங்கள். பழைய அலகு சூடு ஆறாமல் இருக்கும். அட்டையில் வெற்றி என்ற சொல்லை எத்தனை பெரிதாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிகளிடமும் ஒன்று. ஜனவரி, பிப்ரவரியில் திருப்புதல் தேர்வுகள் நடக்கின்றன. மேலே சொன்ன ஆய்வுகளின்படி பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் நான் பார்த்த பல இடங்களில் விடைத்தாள் திருத்தப்பட்டுப் பிள்ளையின் கைக்கு வர இரண்டு வாரம் ஆகிறது. சில சமயம் மதிப்பெண் பட்டியல் மட்டும் வருகிறது, தாள் வருவதே இல்லை. நுரையீரல் தமனிக்குச் சிவப்புத் தீட்டிய பிள்ளை, தீட்டியது தவறு என்பதை மறுநாள் காலையில் அறிய வேண்டும். ஐம்பது தாள்களை ஒரே இரவில் திருத்துவது ஆசிரியரால் ஆகாத காரியம். தேர்வு முடிந்த மணியிலேயே தாள்களைப் பக்கத்து மாணவரிடம் மாற்றிக் கொடுத்து, பாடநூலைத் திறக்கச் சொல்லி, திருத்தும் வேலையை வகுப்பிடமே விட்டுவிடலாம். சட்டாம்பிள்ளைக்கு அங்கே மறுபடியும் வேலை இருக்கிறது.